ஒரே கத்தியில் இரண்டு பேர் ரத்தம்

என் தம்பி அருள் மூன்றாவது முறை கத்தியை ஓங்கியபோது நான் அதைப் பிடித்தேன். பிடியை அல்ல, அலகை. யோசித்துச் செய்த காரியமில்லை. மோகனின் வயிற்றிலிருந்து அப்போதுதான் உருவிய கத்தி. கைக்குள் சூடாக வழுக்கியது. அருள் பலம் கொண்ட மட்டும் இழுத்தான். என் உள்ளங்கை இரண்டாகத் திறந்துகொண்டது.

அந்தமானில், படகுகள் அணையும் மாயாபந்தர் ஜெட்டியில் காலை மீன் இறங்குகிற நேரம். என் கணவர் சேவியரின் டுங்கி, அதாவது எஞ்சின் வைத்த சின்னப் படகு, அப்போதுதான் கரை சேர்ந்திருந்தது. அதில் கடலுக்குப் போகிறவர்கள் மூன்று பேர்: சேவியர், அருள், மோகன். பிடித்து வருகிற மீனை பஜாரில் விற்பது நான். என் பெயர் ஜெசிந்தா. எங்கள் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். நானும் அருளும் இங்கேயே பிறந்தவர்கள். மோகன் நிகோபாரின் கச்சால் தீவு. இலங்கையிலிருந்து ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட குடும்பத்துப் பிள்ளை. பல வருடமாக எங்களோடு ஒரே சட்டியில் சோறு தின்றவன்.

அந்தச் சோறுதான் அருளின் தலைக்கு ஏறியது. முந்தின நாள் படகில் மோகனின் பையைத் துழாவியபோது ஒரு மாத்திரை டப்பா கிடைத்திருக்கிறது. அதைப் போனில் படமெடுத்து, மருந்துக் கடையில் வேலை பார்க்கும் ஒரு கூட்டாளிக்கு அனுப்பியிருக்கிறான். அது எச்.ஐ.வி. கிருமிக்கான மாத்திரை என்று பதில் வந்திருக்கிறது.

மோகன் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரையேறினான். அருள் அவன் பின்னாலேயே வந்தான்.

“லே, உனக்கு எய்ட்ஸு இருக்கா இல்லையா? சொல்லு லே!” ஜெட்டியே திரும்பிப் பார்த்தது. “உன் பிளேடுல நான் ஷேவ் பண்ணேன். நீ குடிச்ச தண்ணிய நான் குடிச்சேன். என்னக் கொல்லப் பாத்தியா?”

மோகன் பெட்டியைக் கீழே வைத்தான். “அருள், மெதுவாப் பேசு. வா, வீட்டுல வச்சுச் சொல்றேன்” என்றான்.

அருளின் கையில் மீன் அறுக்கிற கத்தி இருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். முதல் குத்து தொப்புளுக்கு மேலே. மோகன் கத்தக்கூட இல்லை. காற்று வெளியேறுகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. இரண்டாவது குத்து விலாவுக்குக் கீழே. ஐஸ் பெட்டி கவிழ்ந்து மீன்கள் சிதறின. மோகன் அவற்றின் மேல் உட்கார்ந்தான். நான் கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

சேவியர் துடுப்பால் அருளின் முழங்கையில் அடித்தார். கத்தி விழுந்தது. விழுந்த பிறகும் அருள் காலால் மோகனின் முகத்தை மிதித்தான். நாலு பேர் சேர்ந்து அவனைத் தரையில் அழுத்தினார்கள். ஒரு தெலுங்குக்காரர் அவன் முதுகில் முட்டியை ஊன்றிக்கொண்டு, “பஸ் கர், பாகல்! பஸ் கர்!” என்று இந்தியில் கத்தினார், போதும் நிறுத்து பைத்தியமே என்று. அருளின் வாயிலும் ரத்தம் வந்தது.

மோகனைத் தூக்க மட்டும் யாரும் வரவில்லை. எய்ட்ஸ் என்ற சொல்லை எல்லோரும் கேட்டிருந்தார்கள். சேவியர்தான் தன் லுங்கியை அவிழ்த்து அவன் வயிற்றில் அழுத்தி, டவுசரோடு நின்று, மீன் வண்டியில் அவனை ஏற்றினார். நான் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். என் ரத்தம் எது, அவன் ரத்தம் எது என்று தெரியவில்லை. வண்டி ஓடும்போது மோகன் கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தான். “அக்கா, டாக்டர்கிட்ட சொல்லுங்க. மருந்து இருக்கு. உடனே சாப்பிடணும்” என்றான். வயிறு கிழிந்து கிடந்தவன் சொன்ன முதல் வார்த்தை அது. எனக்கு அவனை அப்படியே வண்டியிலிருந்து தள்ளிவிட வேண்டும் போல இருந்தது.

மாயாபந்தர் ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டுபோனார்கள். என்னை ஒரு வங்காளி டாக்டர் பார்த்தார், இளம் பெண். கையைச் சோப்பும் தண்ணீரும் போட்டு வெகுநேரம் கழுவினார். பிழிந்து ரத்தத்தை வெளியேற்றப் போனேன், கையைத் தட்டிவிட்டார். பிழியவும் கூடாது, பிளீச்சிங், டெட்டால் எதையும் ஊற்றவும் கூடாதாம். அதில் காயம்தான் பெரிதாகும் என்றார். எல்லாம் இந்தியில்தான்.

“அந்த ஆளுக்கு எய்ட்ஸா டாக்டர்?” என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “அவரைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன். சட்டமும் விடாது. கத்தியில் வேறு யார் ரத்தம் இருந்தாலும் உங்களுக்கு இதைத்தான் செய்வேன்.”

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். எச்.ஐ.வி. உடம்புக்குள் நுழைந்ததும் அன்றைக்கே குடியேறிவிடுவதில்லை. காயத்தின் பக்கத்தில் கொஞ்ச நேரம் தங்கி, பிறகுதான் உடம்பெங்கும் பரவுகிறது. அந்த இடைவெளியில் மருந்து கொடுத்தால் அதைத் தடுத்துவிட முடியும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எழுபத்திரண்டு மணி நேரம் தாண்டிவிட்டால் பயனில்லை. ஆரம்பித்தால் இருபத்தெட்டு நாள் ஒரு வேளை தவறாமல் சாப்பிட வேண்டும். நர்ஸ் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினாள். நான் வாங்கி விழுங்கினேன். எழுபத்திரண்டு மணி நேரம் இருக்கிறதே, பிறகு பார்க்கலாம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் கேட்காதீர்கள்.

மருந்துக்கு முன்னாலேயே என் ரத்தத்தை எடுத்துவிட்டார்கள். எதற்கு என்று எரிச்சலாகக் கேட்டேன். “இன்றைக்கு உங்கள் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். இன்றைக்கு இருப்பது கத்தியால் வந்ததாக இருக்காது” என்றார். அந்த வாக்கியத்தின் அர்த்தம் அன்று எனக்குப் புரியவில்லை.

மோகனை ஹெலிகாப்டரில் போர்ட் பிளேருக்கு அனுப்பினார்கள். என்னை ஆம்புலன்ஸில். விரல்களை மடக்கும் நாண்கள் அறுந்திருந்ததால் அங்கேதான் ஆபரேஷன். காட்டு ரோடு முழுக்க சேவியர் என் கையை உயர்த்திப் பிடித்தபடியே வந்தார். பாராடாங்கில் வண்டியோடு ஃபெரியில் ஏறியபோது நான் வாந்தி எடுத்தேன். மாத்திரையாலா, பயத்தாலா தெரியாது. சேவியர் இரண்டு கைகளையும் குவித்து அதை ஏந்தினார். அவர் டவுசர் சட்டை எல்லாம் மோகனின் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. “உங்களுக்கும் மாத்திரை குடுக்கணும்ல?” என்று கேட்டேன். “எனக்குக் காயம் இல்ல பிள்ள. காயம் இல்லாத தோல் மேல பட்டா வராதாம். டாக்டரம்மா சொல்லிட்டாங்க” என்றார். சொல்லிவிட்டு, தன் கைகளை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

போர்ட் பிளேரில் என் கையைத் தைத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டிருந்தும், உள்ளே எதையோ இழுத்துக் கட்டுவது தோள்வரை தெரிந்தது. கண்ணை மூடினால் அருள் கத்தியை இழுத்தான். ஒவ்வொரு தடவையும் நான் அலறி விழித்தேன். பக்கத்துக் கட்டில் கார் நிகோபார் பெண் எழுந்து வந்து என் நெற்றியில் கை வைத்துவிட்டுப் போவாள். எனக்கு என்ன வியாதி வந்திருக்கலாம் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் தொடுவாளா என்ற நினைப்பே என்னைக் குத்தியது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஆலோசகர் கலா என்னைத் தனி அறைக்கு அழைத்துப் போனார். மதுரைக்காரர், அப்பா அரசாங்க வேலையாக வந்தவர். சேவியரும் இருக்கலாமா என்று என்னிடம்தான் கேட்டார். நான் தலையாட்டினேன்.

“அக்கா, எச்.ஐ.வி. இல்ல. ஆனா இது முதல் நாள் எடுத்த ரத்தம். கத்தியால வந்ததா இல்லையான்னு பின்னால எடுக்கிற டெஸ்ட்தான் சொல்லும். மாத்திரைய நிறுத்தக் கூடாது.” ரிப்போர்ட்டைப் புரட்டினார். “இன்னொண்ணு பாசிட்டிவ்வா இருக்கு. ஹெபடைட்டிஸ் சி.”

எனக்கு அந்தப் பெயர் தெரியாது. மஞ்சள் காமாலைக் கிருமிகளில் ஒன்று என்றார். ரத்தத்திலிருந்து ரத்தத்துக்குப் போவது. கல்லீரலில் போய் உட்கார்ந்துகொண்டு இருபது முப்பது வருடம் சத்தமில்லாமல் அரிக்கும். கல்லீரல் சுருங்கிய பிறகோ, புற்றுநோய் வந்த பிறகோதான் பலருக்குத் தெரியவரும்.

நான் எழுந்தேன். நாற்காலி பின்னால் விழுந்தது. “அவன் குடுத்தான். அந்த மோகன் குடுத்தான்! அருள் குத்துனது சரிதான். இன்னும் ரெண்டு குத்து குத்தியிருக்கணும்!” கட்டுப்போட்ட கையால் மேஜையில் அடித்தேன். வலியில் கண் இருண்டது. சேவியர் என்னைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தரையோடு உட்காரவைத்தார். நான் அவர் கையைக் கடித்தேன். விடவில்லை அவர்.

கலாவும் எங்களோடு தரையில் உட்கார்ந்துகொண்டார். “அக்கா, நல்லாக் கேளுங்க. நாங்க பார்த்தது கிருமிக்கு எதிரா உங்க உடம்பு தயார் பண்ற எதிர்ப்புப் பொருளை. கிருமி வந்து அது உண்டாக ரெண்டு மூணு மாசம் ஆகும். நீங்க வெட்டுப்பட்ட அன்னிக்கே அது இருந்துச்சு. அப்படின்னா இது பழசு. கத்திக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

“அப்ப எப்பிடி?”

அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எப்போதாவது ரத்தம் ஏற்றினார்களா? ஆபரேஷன் நடந்ததா? ஊசியைக் கொதிக்கவைக்காமல் போடுகிற வைத்தியரிடம் போனீர்களா? அடுத்தவர் பிளேடு? பச்சை குத்தியிருக்கிறீர்களா?

நான் இடது மணிக்கட்டைத் திருப்பினேன். பச்சையாக ஒரு சிலுவை. எனக்குப் பதினாறு, அருளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது கோவில் திருவிழாவுக்கு மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த ஒருவர் குத்தியது. வரிசையாக உட்காரவைத்து எல்லோருக்கும் ஒரே ஊசி. நடுவே ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் முக்கி, துணியில் துடைப்பார். எனக்கு அடுத்து அருள் உட்கார்ந்தான். அதில்தான் வந்தது என்று கலா அடித்துச் சொல்லவில்லை. யாராலும் சொல்ல முடியாது என்றார். ஆனால் அந்தக் கிண்ணத்தில் தண்ணீர் எந்த நிறத்தில் இருந்தது என்பது எனக்கு ஞாபகம் வந்தது.

எதிர்ப்புப் பொருள் இருந்தாலே நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை. நாலில் ஒருவருக்கு உடம்பே கிருமியைத் துரத்திவிடும், தழும்பு மாதிரி அந்தப் பொருள் மட்டும் மிஞ்சும். அதனால் கிருமியையே தேடும் இன்னொரு பரிசோதனை செய்தார்கள். என் உடம்பு துரத்தியிருக்கவில்லை. சேவியரையும் பரிசோதித்தார்கள். அவருக்கு எதுவும் இல்லை. அதைக் கேட்டபோதுதான் அவர் அழுதார்.

நான் மறுபடி நடமாட ஆரம்பித்தபோது, மோகனின் மனைவி சரிதாவை வார்டு வராந்தாவில் பார்த்தேன். ராஞ்சிக்காரி. இடுப்பில் சின்ன மகள். நான் பக்கத்தில் போனேன். அவள் குழந்தையை இறக்கிவிட்டு என் கன்னத்தில் அறைந்தாள். திருப்பி நான் அவள் தலைமுடியைப் பிடித்தேன். இரண்டு பேரும் சுவரில் மோதினோம். குழந்தை வீறிட்டது.

“தேரா பாயி! உன் தம்பி!” என்று அவள் மூச்சிரைக்கக் கத்தினாள். “அவர் குடலை வெட்டி எடுத்துட்டாங்க. பையில மலம் போறாரு. உன் தம்பிக்கு என் வீட்டுக்காரர் என்ன செஞ்சாரு? போல்! க்யா கியா?”

நான் அவள் முடியை விட்டேன். அவளே பிறகு என் கட்டைப் பார்த்து, “ஏ ஜெசிந்தா தீதீ, இது நீ பிடிச்சதா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என்னை மோகனிடம் கூட்டிப்போனாள்.

அவன் பாதியாக இளைத்திருந்தான். மூக்கில் ஒரு குழாய், வயிற்றின் பக்கவாட்டில் பை. என்னைக் கண்டதும் கைகூப்பப் பார்த்தான்; ஊசி குத்தியிருந்த கை எழவில்லை.

“அக்கா, பயப்படாதீங்க. எனக்கு வருசக்கணக்கா மருந்து போகுது. கடைசியா பார்த்தப்ப கிருமி கணக்குலயே வரல. சரிதாவுக்கு வரல, பாப்பாவுக்கு வரல. உங்களுக்கும் வராது. இருந்தாலும் மாத்திரைய விட்டுடாதீங்க.”

அவன் சொன்னது என்னவென்று கலாவிடம் கேட்டேன். மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறவரின் ரத்தத்தில் கிருமி பரிசோதனையில் பிடிபடாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் அது பரவாது. வெட்டுக்காயத்தில் ரத்தம் கலப்பது வேறு விஷயம். அதிலும் ஆபத்து மிகமிகக் குறைவு, ஆனால் சுத்தமாக இல்லை என்று சொல்லிவிட முடியாததால் மருந்து கொடுக்கிறார்கள். ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒரே டம்ளர், கொசுக்கடி, கட்டிப்பிடிப்பது, ஒரே கக்கூஸ் எதிலும் எச்.ஐ.வி. வராது. அருள் ஷேவ் செய்துகொண்ட அந்த பிளேடில் வந்திருக்கக்கூடியது ஹெபடைட்டிஸ் சி. அதுவும் தனக்கு இல்லை என்று மோகனே பிறகு சொன்னான்.

மோகனுக்கு எப்படி எச்.ஐ.வி. வந்தது என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

நான் மாயாபந்தருக்குத் திரும்பியபோது கை அசையாமலிருக்கப் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. அதற்குப் பின்னால் சில நாள் கழித்து மோகனையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள் குடியிருந்தது எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. வந்த மறுநாளே ஆட்கள் வந்துவிட்டார்கள். வெளியாட்கள் இல்லை. என்னிடம் கடனாக மீன் வாங்கித் தின்றவர்கள், எங்களோடு ஜெபமாலை சொன்னவர்கள். பட்டப்பகல். கட்டிலை வெளியே இழுத்துப் போட்டார்கள். அடுப்பை உதைத்து நொறுக்கினார்கள். ஒருவன் கூரையில் மண்ணெண்ணெய் ஊற்றினான். மோகன் மூலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். சரிதா குழந்தையைத் தன் உடம்புக்குள் சுருட்டிக்கொண்டு அவன் முன்னால் நின்றாள்.

சேவியர் வாசலை மறித்தார். “ஏய், உள்ள பச்சப்பிள்ள இருக்கு லே!” என்றார். மூங்கில் கம்பு அவர் நெற்றியில் விழுந்தது. மண்டை பிளந்து முகம் முழுக்க ரத்தம். மண்டியிட்டார். அடித்தவன் மறுபடி ஓங்கினான்.

நான் அவன் மேல் பாய்ந்தேன். அவன் என்னைப் பிடித்துத் தள்ள, கைப்பத்தை படியில் மோதி, ஆறிவந்த காயம் பிரிந்தது. கட்டு சிவந்தது. நான் அந்தக் கட்டைப் பல்லால் இழுத்து அவிழ்த்தேன். ரத்தம் சொட்டுகிற கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“மோகனுக்குத்தானே பயப்படுதீய? எனக்கும் இருக்கு லே! என் ரத்தத்துலயும் கிருமி இருக்கு. இருபது வருசமா உங்களுக்கு மீன் வெட்டிக் குடுத்தேனே, அந்தக் கையி! முதல்ல என்னக் கொளுத்துங்க. வா லே, தொடு!”

அவன் பின்னால் போனான். நான் முன்னால் போனேன். ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் கையை நீட்டினேன். மூன்று நாலு பேர் சேர்ந்து வேலிக்கு அந்தப் பக்கம் ஓடினார்கள். தீப்பெட்டி வைத்திருந்தவன் அதைக் கீழே போட்டுவிட்டுப் போனான். தோலில் பட்டால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு அப்போது நன்றாகத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. அன்று எங்கள் கையில் வேறு ஆயுதம் இல்லை.

திரும்பிப் பார்த்தால், மோகன் குனிய முடியாமல் குனிந்து, ஒரு துண்டால் சேவியரின் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். “அண்ணே, கண்ண மூடாதீங்க, பேசிக்கிட்டே இருங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தான். போலீஸ் வந்து சிலரைப் பிடித்தது. அதோடு எங்கள் மீன் வியாபாரமும் முடிந்தது. பஜாரில் என் கூடைக்கு முன்னால் ஒருவரும் நிற்கவில்லை.

அருள் போர்ட் பிளேர் ஜெயிலில் இருந்தான். முதல் தடவை பார்க்கப் போனபோது கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, நான் வாயைத் திறப்பதற்குள் ஆரம்பித்தான்.

“செத்தானா?”

“இல்ல.”

“எனக்கு இங்க ரத்தம் எடுத்தாங்க. எய்ட்ஸு இல்லயாம். வேற என்னமோ இருக்குன்னு சொல்லுதான். ஹெபடைட்டிஸ். அந்த நாய்தான் குடுத்திருக்கு. வெளிய வந்தா மொதல்ல அவன முடிக்கிறேனா இல்லையா பாரு.”

நான் என் இடது கையைக் கம்பியின் மேல் வைத்தேன். “மோகனுக்கு அது இல்ல அருளு. அவனுக்கு டெஸ்ட் எடுத்தாச்சு. எனக்கு இருக்கு. உனக்கு இருக்கு. நம்ம ரெண்டு பேருக்கும்தான்.”

அவன் என் மணிக்கட்டைப் பார்த்தான். பிறகு தன்னுடையதை. அவனுக்கும் அதே சிலுவை. நெற்றியைக் கம்பியில் மோதினான். ஒரு தடவை, இன்னொரு தடவை. காவலர்கள் இரண்டு பேர் வந்து அவனைப் பின்னால் இழுத்தார்கள். நெற்றியில் ரத்தம் வழிய, “அக்கா, சொல்லாத, யார்ட்டயும் சொல்லாத” என்று கத்திக்கொண்டே போனான். ஜெட்டி முழுக்கக் கேட்கும்படி இன்னொருவன் நோயைச் சொன்னவன்.

என் மருத்துவத்தைச் சொல்லி முடிக்கிறேன். இருபத்தெட்டு நாள் மாத்திரை முடிந்தது. அதற்கடுத்த பரிசோதனைகள் எல்லாவற்றிலும் எச்.ஐ.வி. இல்லை என்றே வந்தது. ஒவ்வொரு முடிவுக்கும் காத்திருக்கும் வராந்தாவில் நான் வெறிபிடித்தவள் மாதிரி இருந்தேன். சேவியர் கொண்டுவரும் டீயைத் தட்டிவிட்டேன், ஒரு தடவை அவர் மேலேயே ஊற்றினேன். அவர் சட்டையை உதறிவிட்டு இன்னொரு டீ வாங்கி வந்தார்.

பிறகு ஹெபடைட்டிஸ் சி-க்கு மருந்து. கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று ரத்தத்தை வைத்தே கணக்குப் பார்த்தார்கள். இன்னும் சுருங்க ஆரம்பிக்கவில்லை. அதனால் பன்னிரண்டு வாரம், தினமும் மாத்திரை. அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். ஒரு காலத்தில் இதற்கு வாரம்தோறும் ஊசி, காய்ச்சல், முடி உதிர்வது என்று மாதக்கணக்கில் வதைப்பார்களாம். எனக்கு லேசான தலைவலியும் அசதியும் தவிர ஒன்றும் இல்லை. மருந்து முடிந்து மூன்று மாதம் கழித்து மறுபடி கிருமியைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. “குணமாயிட்டீங்க. ஆனா தடுப்பூசி கிடையாது, திரும்ப வந்தா திரும்ப வரும். பிளேடு, பல் பிரஷ், ஊசி எதையும் யார்கூடவும் பங்கு போடாதீங்க” என்றார் கலா. எச்.ஐ.வி. அப்படி இல்லை, அதை அடியோடு எடுக்க மருந்தில்லை, ஆனால் தினமும் மருந்து சாப்பிட்டு மற்றவர்களைப் போல வாழலாம். இரண்டையும் ரத்தம் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். முகத்தைப் பார்த்துத் தெரியாது. என் முகத்தில் இருபது வருடத்துக்கு மேல் யாருக்குத் தெரிந்தது?

அருளுக்கும் ஜெயிலிலேயே அதே மருந்தைக் கொடுத்தார்கள்.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது என் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். கூட்டத்தில் யார் குத்தியது என்று சரியாகப் பார்க்கவில்லை என்று சொன்னால் போதும் என்றார்கள். ஒருவர் சேவியரின் சட்டையைப் பிடித்தார். “கூடப்பிறந்தவனக் காட்டிக் குடுத்துட்டு நீ இந்த ஊர்ல உயிரோட இருந்திருவியா?” என்று என்னிடம் கேட்டார்.

கூண்டில் ஏறினேன். அருளின் வக்கீல் கேட்டார்: “உங்க தம்பி பயத்துலதானே அப்படிச் செஞ்சாரு?”

“ஆமா. பயம்தான்.”

“தனக்கு நோய் வந்துட்டதா நம்பித்தானே?”

“ஆமா. ஆனா குத்துனது அவன்தான். ரெண்டு தடவ. மூணாவது குத்த நான் பிடிச்சேன். விழுந்து கிடந்தவன் முகத்த மிதிச்சதும் அவன்தான்.” சொல்லும்போது நான் அருளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

தண்டனை சொன்ன அன்று கோர்ட் வராந்தாவில் நெரிசல். அருளை இரண்டு போலீஸ்காரர்கள் கூட்டி வந்தார்கள். எதிரே மோகன், சரிதாவின் தோளைப் பிடித்தபடி. குடலை மறுபடி சேர்த்துப் பையை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. அருளைக் கண்டதும் அவன் இரண்டு கைகளும் தானாக வயிற்றுக்குப் போயின, சுவரோடு ஒட்டிக்கொண்டான். சரிதா அவனுக்கு முன்னால் வந்து நின்றாள். அருள் அதைப் பார்த்தான். நின்றான். போலீஸ்காரர் இழுத்தும் நகரவில்லை.

“மோகனு.”

மோகன் சரிதாவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

“எனக்கு சரியாயிட்டு. கிருமி இல்லன்னு சொல்லிட்டாங்க.”

மோகன் தலையசைத்தான். கைகள் வயிற்றை விட்டு இறங்கவில்லை.

“மாத்திரைய விடாமச் சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்.”

“நல்லது” என்றான் மோகன். சரிதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, சுவரை ஒட்டியே, ஒவ்வொரு படியாக இறங்கினான். அவன் கேட்டைத் தாண்டும்வரை அருளை ஒரு அடிகூட நகர்த்த முடியவில்லை.